பிளாஸ்டிக் சீட்டுக்கட்டு: கட்டு சுமார், உள்ள இருந்த பேப்பர் சூப்பர்

வேலூர் வெயில்ல பேப்பர் சீட்டு வெச்சு ரம்மி ஆடுனவங்களுக்குத் தெரியும், ரெண்டு ரவுண்டு போறதுக்குள்ள கை வேர்வைல ஊறி அப்பளம் மாதிரி வளைஞ்சுக்கும், அப்புறம் கலைக்கவே வராது. அதான் போன வாரம் லாங் பஜார் பக்கம் போனப்போ ஒரு ஃபேன்ஸி ஸ்டோர்ல பிளாஸ்டிக் கட்டு ரெண்டு எடுத்துனு வந்தேன், கட்டு 180 ரூபா. கடை பேரு, பிராண்டு பேரு கேக்காதீங்க, ஏன்னு கடைசில தெரியும்.

வேர்வை பட்டா துணில தொடச்சுட்டு ஆடலாம், நம்பர் நல்லா பெருசு, எங்க பெரியப்பா கண்ணாடி இல்லாமயே ஆடுறாரு. ஆனா வழுக்கல் ஜாஸ்தி. ஃபேனுக்கு நேர் கீழ உக்காந்தா எறக்கி வெச்ச சீட்டு பாய விட்டு ஓடிடுது.

பெட்டிக்குள்ள எட்டா மடிச்ச இங்கிலீஷ் பேப்பர் ஒண்ணு, சீட்டாட்ட வார்த்தைங்களுக்கு அர்த்தம் போட்டது. அதுல யார்பரோனு ஒண்ணு. "பெரியப்பா, இன்னாது இது?"னு கேட்டேன். அவரு ஜோலார்பேட்டை ரயில்வேல இருந்து ரிட்டையர் ஆனவரு, கூட வேலை பாத்த ஆங்கிலோ இந்தியன்ஸ் கிட்ட பிரிட்ஜ்ன்ற சீட்டாட்டம் கத்துக்குனவரு. "குப்பைக் கைடா அது. 13 சீட்டுல ஒம்போதுக்கு மேல ஒண்ணு கூட இருக்காது"ன்னாரு. ஒரே ஒரு பத்து இருந்தாலும் அது யார்பரோ இல்லயாம், ஆனா சும்மா மோசமான கை வந்தாலே அப்படி சொல்றவங்களும் உண்டாம். ஏலம் கேக்கறப்போ வாயத் தொறந்து சொல்லக் கூடாது, பாஸ் சொல்லிட்டு கம்முனு இருக்கணும், ஆட்டம் முடிஞ்சப்புறம் பொலம்பிக்கலாம். எங்க ஜமால இருபத்தெட்டுன்ற சீட்டாட்டம் ஆடுறப்போ மொத கைக்கு பாயிண்டே இல்லாம வந்தா திருப்பி கலைச்சுப் போடச் சொல்லுவோம், பிரிட்ஜ்ல அந்த சலுகை கெடயாது, வந்தத வெச்சுனு ஆடணும்.

யார்பரோன்றது இங்கிலாந்துல ஒரு பிரபு பட்டம். 19ஆம் நூற்றாண்டுல அந்தப் பட்டத்துல இருந்த ஒருத்தரு, அப்போ பிரிட்ஜ் வரல, அதுக்கு முன்னாடி இருந்த விஸ்ட் ஆட்டம், யாருக்காவது இந்த மாதிரி கை விழுந்தா 1000 பவுண்டு தரேன், விழலன்னா எனக்கு 1 பவுண்டு குடுனு பந்தயம் கட்டுவாருனு சொல்லுவாங்க. கேக்க தர்ம பிரபு மாதிரி இருக்குதில்ல? கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தேன், 1828 கைக்கு ஒரு தடவ தான் சராசரியா விழும். அப்போ அவருக்கு வரவு 1827, செலவு 1000. "சீட்டாட்டம் இல்லடா, இவன் நடத்துனது சீட்டுக் கம்பெனி"ன்னாரு பெரியப்பா.

இதுல எனக்குப் புடிச்சது, அதே கை ரம்மில வந்தா அவ்ளோ பயம் இல்ல. ஆசு, ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் தலைக்கு 10 பாயிண்டு, அது எதுவும் கைல இல்லன்னா, அடுத்தவன் டிக்ளேர் பண்ணாலும் அடி கம்மி. பிரிட்ஜ்காரன் தலைல கை வெப்பான், நம்ம ஆளு அத வெச்சுனு டீ குடிப்பான்.

இப்போ பிராண்டு விஷயத்துக்கு வரேன். மூணாவது ஆட்டத்துல இஸ்பேட் 6, 8 வெச்சுனு 7க்கு மணிக்கணக்கா காத்துனு இருந்தேன். ரெண்டு கட்டுலயும் ஒவ்வொண்ணு இருக்கணுமே, ஒண்ணு கீழ போயிடுச்சு, இன்னொண்ணு வரவே இல்ல. கொட்டி எண்ணுனா ஒரு கட்டுல இஸ்பேட் 7 இல்ல, கிளாவர் 7 ரெண்டு! கத்துனேன். பெரியப்பா சிரிச்சுனே, "ரெண்டும் ஒம்போதுக்குக் கீழ தான, யார்பரோ கணக்கு மாறல விடு"ன்னாரு.

மறுநாள் கடைல மொதல்ல மொகத்த சுளிச்சாங்க, அப்புறம் மாத்திக் குடுத்தாங்க. கல்லா மேலயே 52ஐயும் விரிச்சு எண்ணிட்டு தான் வெளிய வந்தேன். அஞ்சுக்கு மூணு, அதுல ஒண்ணு அந்த பேப்பருக்கு.