கோடாக்ஸ் டிடி600 ஃபிளாஷ்: வாங்குமுன் ஹாட் ஷூவைப் பாருங்கள்

ஹாட் ஷூ என்பது கேமராவின் மேல் ஃபிளாஷைப் பொருத்தும் இடம். அதில் பொருந்தும் கோடாக்ஸ் டிடி600 ஃபிளாஷின் அடியில் நடுவே ஒரே ஒரு மின் தொடுமுனைதான் உண்டு; எரியச் சொல்லும் கட்டளை மட்டுமே அதன் வழியே வரும். ஆகவே ஒளியின் அளவைக் கேமரா தீர்மானிக்காது, முழு ஒளியிலிருந்து (1/1) அதன் 1/128 பங்கு வரை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும். பழகியவர்களுக்கு இது குறையே அன்று. ஆனால் ஹாட் ஷூவில் நடுத் தொடுமுனையே இல்லாத கேனான் 3000டி, 200டி 2 போன்றவற்றில் நேரடியாகப் பொருத்தினால் இது எரியவே எரியாது என்பதைக் கடைக்காரர்கள் முன்னதாகவே சொல்லியாக வேண்டும்.

ஷட்டர் வேகம் கேமராவின் ஒத்திசைவு எல்லையை, அதாவது ஃபிளாஷ் ஒளி படம் முழுவதும் விழக்கூடிய உச்ச வேகத்தைத் தாண்டும்போது, பெரும்பாலும் 1/200 அல்லது 1/250 நொடிக்கு மேல், படத்தின் ஓரத்தில் கரும்பட்டை விழுவது ஃபிளாஷின் பழுதன்று. அதே நிறுவனத்தின் எக்ஸ்ப்ரோ டிரிக்கரை (ஃபிளாஷைக் கம்பியின்றி இயக்கும் கருவி) கேமராவில் மாட்டி, ஃபிளாஷைத் தள்ளி வைத்தால், அந்த எல்லையைத் தாண்டியும் ஃபிளாஷைப் பயன்படுத்த உதவும் அதிவேக ஒத்திசைவு உள்ள கேமராக்களில் 1/8000 வரை எடுக்கலாம். உச்சி வெயிலில் முகநிழலை நீக்க விரும்புவோருக்கு இந்த ஒரு வசதிக்காகவே இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.