பேரக் குழந்தைகளுக்கு மரப் புதிர்: பிளைவுட்டா, முழு மரமா?

பேரப்பிள்ளைக்கு ஒரு புதிர் அறுத்துக் கொடுக்கலாம் என்று ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவுகளை அறுக்கும் இயந்திரம்) முன்னால் உட்கார்ந்தால், எதில் அறுப்பது என்ற கேள்விதான் முதலில் வரும். நான் இரண்டிலும் செய்திருக்கிறேன். இப்போதெல்லாம் தட்டையான படப் புதிர் என்றால் கை தானாக பிளைவுட் பக்கம் போகிறது.

அழகில் முழு மரம்தான், அதில் பேச்சே இல்லை. கையில் எடுத்தால் ஒரு கனம், ஓரம் வரைக்கும் ஒரே நிறம். பிளைவுட் ஓரத்தில் அடுக்கடுக்காகக் கோடு தெரியும். 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி உலக வரைபடங்களை ஒட்டிப் புதிராக வெட்டியதும் மஹோகனிப் பலகையில்தான். ஆனால் அவர் நாடுகளின் எல்லைக்கோட்டை ஒட்டி வெட்டினார். இன்று நாம் வெட்டுவது குமிழும் குழியுமாகக் கோத்துக்கொள்ளும் துண்டுகள். அவற்றின் பாடு வேறு.

என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது அந்தக் குமிழின் கழுத்து. மரம் நார் ஓடும் திசையில் எளிதாகப் பிளக்கும், குறுக்கே உடைக்கத்தான் பலம் வேண்டும். ஒரு புதிர்த் துண்டுக்கு நாலு பக்கமும் குமிழ் இருக்கிறது என்று வையுங்கள். நார் ஓடும் திசையில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு குமிழ்களுக்கு ஆபத்தில்லை. மற்ற இரண்டில் நார் கழுத்துக்குக் குறுக்கே ஓடும். அங்கே கழுத்தின் அகலம் ஐந்தாறு மில்லிமீட்டர் என்றால், அதைப் பிடித்து நிற்பது அந்த ஐந்தாறு மில்லிமீட்டர் நீளத் துண்டு நார் மட்டும்தான். பெரியவர்கள் துண்டை நேராக மேலே தூக்குவோம். குழந்தை அப்படிச் செய்யாது. ஒரு மூலையைப் பிடித்துச் சாய்க்கும், திருகும். கழுத்து டக்கென்று போய்விடும். பசை போட்டு ஒட்டலாம்தான், ஆனால் கசிந்த பசை ஓரத்தில் காய்ந்துவிட்டால் அப்புறம் துண்டு குழிக்குள் சரியாக உட்காராது.

பிளைவுட்டில் ஒவ்வொரு அடுக்கும் முந்தைய அடுக்குக்குக் குறுக்காக ஒட்டப்பட்டிருக்கும். 6 மி.மீ. பிர்ச் பிளைவுட்டில் வழக்கமாக ஐந்து அடுக்கு. குமிழ் எந்தப் பக்கம் நீட்டினாலும் குறைந்தது இரண்டு அடுக்கின் நார் அதன் நீளவாக்கில் ஓடும். அதனால் கோட்டை வரையும்போதே நார் பார்த்து வரைய வேண்டிய கவலை இல்லை.

ஈரக்காலத்திலும் இதே கதைதான். மரம் நீளத்தில் கிட்டத்தட்ட விரிவதே இல்லை, அகலத்தில் விரியும். 30 செ.மீ. அகலமுள்ள பலகை ஓரிரு மில்லிமீட்டர் விரிவது சாதாரணம். மெல்லிய பிளேடு விடும் வெட்டு இடைவெளியோ அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பிளைவுட் தளத்தில் சட்டம் ஒட்டி, அதற்குள் முழுமரத் துண்டுகளை வைத்தால், கோடையில் வழுக்கிக்கொண்டு வந்தவை மழைக்காலத்தில் இறுகிப் பிஞ்சு விரல்களுக்கு வராமல் நிற்கும். பிளைவுட் அவ்வளவு அசையாது.

பிளைவுட்டுக்கும் குறை உண்டு. அடுக்குகளுக்கு இடையிலுள்ள பசை பிளேடின் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மலிவான பலகையில் உள்ளே பொந்து இருக்கும், கழுத்து அந்த இடத்தில் வந்தால் நான் மேலே சொன்னதெல்லாம் வீண். அடிப்பக்கம் சிராய் கிளம்பும். கீழ்க்கோடியில் சில பற்கள் மேல்நோக்கித் திரும்பியிருக்கும் பிளேடு போட்டால் அது பெரும்பாலும் அடங்கும். மீதியை உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும்.

முழு மரத்தை நான் விட்டுக்கொடுக்காத இடம், நிற்க வைக்கும் விலங்குப் புதிர்கள். 18 முதல் 20 மி.மீ. தடிமன், நாலைந்து பெரிய துண்டுகள், தடித்த கழுத்து. இங்கே யானையின் கால்கள் நார் ஓடும் திசையில் வரும்படி படத்தை ஒட்டினால் போதும். தேக்கு பிளேடைத் தின்னும், அதிலுள்ள சிலிக்கா அப்படி. பைன் இதமாக அறுபடும். இவ்வளவு தடிமனில் இயந்திரத்தின் மேசை பிளேடுக்குச் செங்குத்தாக இருப்பது முக்கியம். கழிவு மரத்தில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு, மரத்தைச் சுழற்றிப் பிளேடின் பின்புறம் கொண்டுபோய் வையுங்கள். பிளேடு அந்த வெட்டுக்குள் தடையில்லாமல் நுழைந்தால் சரி. இல்லையென்றால் துண்டுகள் ஒரு பக்கமாகத்தான் கழன்று வரும்.

எம்டிஎஃப் (மர நாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திய பலகை) பற்றியும் கேட்பார்கள். நார் ஒரே திசையில் ஓடாததால் பலகையின் தளத்தில் எல்லாத் திசையிலும் ஒரே பலம், வண்ணமும் நன்றாகப் பிடிக்கும். அதில் என் பழக்கம் குறைவு, வருடக்கணக்கில் எப்படி நிற்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு மட்டும் நான் கொடுக்க மாட்டேன். எச்சில் பட்ட ஓரம் உப்பிவிடும். அதன் தூளும் மாவுபோல மெல்லியது, ஒட்டும் பிசினில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு இருக்கும். எந்த மரத்தூளும் நுரையீரலுக்கு ஆகாது, அதனால் முகமூடி எல்லாவற்றுக்கும் வேண்டும். மூன்று வயதுக்குள் என்றால் எந்தப் பலகையானாலும் துண்டைப் பெரிதாக வெட்டுங்கள். துண்டு தொண்டையில் அடைக்குமா என்று பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ.; அதற்குள் முழுசாக அடங்கும் துண்டு அந்த வயதுக்கு ஆகாது.