640 டாலர் போச்சு: பழைய பக்கார்டுக்கு ஆயில் பிளக் வாங்குபவர்கள் கவனிக்கவும்

பிளக் வாங்கிய ஆன்லைன் சந்தைக்காரர்கள் நேற்று ராத்திரி என் புகாரை முடித்து வைத்துவிட்டார்கள். 640 டாலர் திரும்பி வராது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நான் டெட்ராய்ட் பக்கம் இருக்கிறேன். வண்டி, இதே ஊரில் செய்த 1929 பக்கார்ட் கார். அதில் பிஜூர் ஆயில் சிஸ்டம், அதாவது வண்டியின் அடிப்பாகத்துக்கு ஒரே இடத்திலிருந்து ஆயில் போடும் ஏற்பாடு. கைப்பிடியை இழுத்து விட்டால் பம்பில் உள்ள ஸ்பிரிங், மெல்லிய குழாய்கள் வழியாக ஷேக்கிள் (பட்டை ஸ்பிரிங்கை வண்டியோடு இணைக்கும் கொக்கி), கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) எல்லாவற்றுக்கும் ஆயிலைத் தள்ளும். எந்த இடத்துக்கு எவ்வளவு என்பது குழாய் முனையில் இருக்கும் பிளக்கின் கையில். அதன் துளைக்குள் மயிரிழை இடைவெளியில் ஒரு ஊசி நிற்கும். மேலே பொறித்த எண் கூடினால் ஆயிலும் கூடும்.

பழைய பாகம் விற்கும் ஒரு ஆன்லைன் சந்தையில் "சுத்தம் செய்து சோதித்தது" என்று 22 பிளக் கிடைத்தது. விற்றவர் போனில் அரை மணி நேரம் பேசினார். எந்த எண் எங்கே வரும் என்று நான் கேட்காமலே சொன்னார். அங்கேதான் நம்பினேன். அன்றைக்கே 640 டாலர் அனுப்பினேன்.

மாட்டிவிட்டுக் கைப்பிடியை இழுத்தேன். மெதுவாக ஊர்ந்து திரும்ப வேண்டியது சடாரென்று உள்ளே போனது. குனிந்து பார்த்தால் முன் ஷேக்கிளுக்குக் கீழே ஆயில் குளம். கிங்பின் பக்கம் ஒரு சொட்டு இல்லை. தலைமடை உடைந்தால் கடைமடை காயும், அதே கதைதான். அந்த பிளக்கைக் கழற்றினேன். ஊசியையே காணோம்! அடைப்பை எடுக்கிறேன் என்று துளையை டிரில் போட்டு அகலமாக்கியிருக்கிறார்கள். இப்படி ஒன்பது பிளக்.

கேட்டதற்கு முதலில் "உங்கள் ஆயில் தண்ணியாக இருக்கும்" என்றார். அப்புறம் "லைனில் காற்று." அப்புறம் "பம்ப் வாஷர் போயிருக்கும்." துளையைப் படம் எடுத்து அனுப்பிய பிறகு பதிலே இல்லை. சந்தைக்காரர்களோ, "பொருள் வந்து சேர்ந்துவிட்டதே, மாட்டிய பாகத்துக்குப் பணம் திருப்ப முடியாது" என்று இரண்டே வரியில் முடித்தார்கள். மாட்டாமல் எப்படி ஐயா தெரியும்? 640 டாலர்!

விவரமாக யோசனை சொல்ல நினைத்தேன், இப்போது மனசு இல்லை. பிளக் வந்ததும் வாயால் ஊதிப் பாருங்கள், காற்று தாராளமாகப் போனால் மாட்டாமல் திருப்பி அனுப்புங்கள். சொட்டும் வீடியோ கேளுங்கள், படம் போதாது. அடைத்த பிளக்கை யாரும் டிரில் போட விடாதீர்கள், புதிதாக மாற்றுங்கள். மாட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை.