ஊர்வன வினா-விடை அட்டைகள்: ஒன்றை அகற்றிவிட்டு வாங்கலாம்

மட்டக்களப்பு நகரிலுள்ள புத்தகக் கடையொன்றில் 1,200 ரூபாவுக்கு வாங்கிய இந்த அட்டைப் பெட்டியை, படுவான்கரையிலுள்ள எமது பாடசாலையில் ஆறாம், ஏழாம் தர மாணவர்களுடன் ஒரு தவணை முழுவதும் பயன்படுத்திய பின்னர் இதை எழுதுகிறேன். அட்டைகளின் முன்பக்கத்தில் கேள்வியும் படமும், பின்பக்கத்தில் விடையும் உள்ளன. அழிந்துபோன விலங்குகள் பற்றிய பகுதிக்காகவே இப்பெட்டியை வாங்கலாம். ஆனால் பாம்புக்கடி பற்றிய அட்டையை அகற்றாமல் பிள்ளைகளின் கையில் கொடுக்கக் கூடாது.

டைனோசர் என்ற பெயரில் விளையாட்டுச் சாமானாக விற்கப்படுவன எல்லாம் டைனோசர்கள் அல்ல என்பதை அட்டைகள் பொறுமையாக விளக்குகின்றன. வானில் பறந்த டெரோசோர்களும் கடலில் வாழ்ந்த இக்தியோசோர்களும் அக்காலத்து ஊர்வனவே தவிர டைனோசர்கள் அல்ல. முதுகில் கப்பற்பாய் விரித்தாற்போன்ற செட்டையுடைய டிமெட்ரோடன், முதலாவது டைனோசர் தோன்றுவதற்குச் சில கோடி ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்டது; உறவு முறையிலும் அது பாலூட்டிகளுக்கே நெருங்கியது. ஸ்டெகோசோரஸும் டைரனோசோரஸும் மோதிக்கொள்ளும் படங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, முன்னது ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் பின்னது 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரையும் வாழ்ந்தன, ஆகவே டைரனோசோரஸ் காலத்தால் ஸ்டெகோசோரஸைவிட எமக்கே அண்மையானது என்ற விடை பெரும் வியப்பைத் தந்தது. இன்று வாழும் விலங்குகளில் முதலைக்கு மிக நெருங்கிய உறவு எது என்ற கேள்விக்கு வகுப்பில் பலரும் உடும்பு என்றே சொன்னார்கள். பறவை என்ற விடையும், இரண்டும் ஆர்க்கோசோர் என்னும் ஒரே கிளையில் வந்தவை என்ற விளக்கமும் அடுத்த பாடவேளையையும் எடுத்துக்கொண்டன. அந்த நேரம் வீணாகவில்லை.

வாழும் ஊர்வன பற்றிய பகுதி இந்த அளவுக்குத் தரமானதாக இல்லை. நியூசிலாந்தின் டுவாட்டாரா பல்லி போலத் தோன்றினாலும் பல்லியல்ல, தன் வரிசையில் எஞ்சிய ஒரே இனம் என்ற அட்டையும், கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது என்ற அட்டையும் நன்று. ஆனால் உலகின் ஏழு கடலாமை இனங்களில் ஐந்து இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன என்ற செய்தி எங்கும் இல்லை. நைல் முதலைக்கு மூன்று அட்டைகள் ஒதுக்கியவர்கள், எமது குளங்களில் வாழும் சதுப்புநில முதலையையும் கழிமுகங்களில் வாழும் உவர்நீர் முதலையையும் வேறுபடுத்திக் காட்ட ஓர் அட்டையேனும் சேர்த்திருக்கலாம்.

பாம்புக்கடி அட்டையோ வெறும் குறையன்று, ஆபத்து. கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டி, கீறி, இரத்தத்தை உறிஞ்சும்படி அது சொல்கிறது. இறுகக் கட்டினால் இரத்தவோட்டம் தடைப்பட்டு அவயவமே கெடலாம். கீறினால் இரத்தப்போக்கும் கிருமித்தொற்றும் ஏற்படும். உறிஞ்சி நஞ்சை வெளியேற்ற முடியாது. கடிபட்டவரைப் பதற்றமின்றி இருக்கச் செய்து, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, மோதிரம், கொலுசு போன்றவற்றைக் கழற்றி, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே சரி. இலவச நோயாளர் காவு வண்டிச் சேவையின் 1990 என்ற இலக்கமும் அவ்வட்டையில் இருந்திருக்க வேண்டும். வயலில் கண்ணாடி விரியனை எதிர்கொள்ளும் குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அதைவிட, இரவில் தரையில் பாய் விரித்து உறங்குபவரைக் கட்டுவிரியன் தீண்டினால் வலியோ வீக்கமோ இல்லாமலே போகலாம் என்பதையும், காலையில் வயிற்றுவலியோடு இமைகள் தொங்கத் தொடங்கினால் அதை அசட்டை செய்யக் கூடாது என்பதையும் அவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

அச்சும் தாளும் உறுதியானவை. பெட்டியின் மூடி மட்டும் விரைவில் கிழிந்துவிட்டது. நஞ்சுப் பாம்புகள் பற்றிய விடையை வைத்தியர் ஒருவரிடம் காட்டித் திருத்தி அடுத்த பதிப்பை வெளியிட்டால், பாடசாலை நூலகத்துக்கு இன்னொரு பெட்டி வாங்குவேன்.