2019 தொடருக்கு ‘ஒரிஜினல் செல்’ இருக்கிறது என்று யாராவது விற்றால்

அவசரத்தில் இருப்பவர்களுக்காக விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘தொரோரோ’ என்ற ஜப்பானிய அனிமேயின் (கார்ட்டூன் படத்தின்) 2019 தொடரிலிருந்து எடுத்தது, கையால் வண்ணம் தீட்டிய அசல் செல் (படம் எடுக்க ஓவியம் தீட்டும் பிளாஸ்டிக் தாள்) என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால் வாங்காதீர்கள். அப்படி ஒரு பொருளே கிடையாது. இது தெரியாமல் நான் 18,500 ரூபாயைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

தொரோரோ தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் கதை. ஜப்பானில் சிற்றரசர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு கிடந்த காலம். தைகோ ககேமித்சு என்ற சாமுராய் தலைவன், தன் நிலம் செழிக்கவும் அதிகாரம் பெருகவும் பேய்களிடம் பேரம் பேசுகிறான். விலையாகப் பேய்கள் கேட்டது அவனுக்குப் பிறக்கப்போகும் பிள்ளையின் உடல். தோல் இல்லாமல், கண் காது இல்லாமல், கை கால் இல்லாமல் பிறக்கிறது அந்தக் குழந்தை. ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். ஒரு வைத்தியர் எடுத்து வளர்த்து, மரத்தில் கை கால் செய்து பொருத்துகிறார். வளர்ந்தபின் அந்த மரக்கைகளைக் கழற்றினால் உள்ளே வாள். ஹ்யக்கிமாரு என்ற அந்தப் பையன் ஒவ்வொரு பேயாக வெட்டி, ஒவ்வொரு உறுப்பாகத் திரும்பப் பெறுகிறான். கூடவே அலையும் திருட்டுக் குழந்தைதான் தொரோரோ. ஒசாமு தெசுகா 1967இல் காமிக்ஸாக ஆரம்பித்த கதை இது. அதில் பேய்கள் 48. 2019இல் மாப்பா ஸ்டுடியோவும் தெசுகா புரொடக்‌ஷன்ஸும் சேர்ந்து 24 அத்தியாயங்களாக எடுத்தபோது 12 ஆகக் குறைத்துவிட்டார்கள்.

(ஜப்பானியத்தில் திருடனுக்கு ‘தொரோபோ’ என்று பெயர். ஒரு குழந்தை அதை மழலையில் ‘தொரோரோ’ என்று சொன்னதிலிருந்துதான் தலைப்பே வந்தது என்பார்கள். என் விஷயத்தில் திருடன் மழலையெல்லாம் பேசவில்லை, நன்றாகவே பேசினான்.)

எனக்கு இந்தத் தொடரில் நான்காம் அத்தியாயம் உயிர். சபிக்கப்பட்ட வாள் ஒன்று வரும். கோட்டை கட்டிய தச்சர்களை வெட்டிப்போடச் சொல்லி எஜமானன் கட்டளையிட, அதைச் செய்யவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் ஒரு சாமுராய் அந்த வாளுக்கே அடிமையாகிவிடுவான். ரத்தம் கேட்கும் வாள். பேய்க்கதை மாதிரி ஆரம்பித்து, கடைசியில் கட்டளைக்குக் கீழ்ப்படிவது என்ற சாமுராய் ஒழுக்கத்தின் மேலேயே கை வைக்கும் அத்தியாயம் அது. இதை நான் ரசிகர் குழுவில் நாலைந்து முறை எழுதியிருக்கிறேன். அதுதான் தூண்டிலுக்குப் புழுவாகிப்போனது.

போன வருடம் அந்தக் குழுவில் இருந்த ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பினார். “ப்ரோ, நீங்க எழுதுறதப் படிப்பேன். நாலாவது எபிசோடு செல் ஒண்ணு என்கிட்ட இருக்கு. டோக்கியோல நகானோ பிராட்வேல வாங்கினது. பணத்தேவை, அதான் கொடுக்கிறேன். உண்மையான ஃபேன் கிட்டத்தான் போகணும்னு பார்க்கிறேன்.” நகானோ பிராட்வே என்பது பழைய அனிமே பொருள்கள் விற்கும் கடைகள் அடுக்கடுக்காக உள்ள கட்டடம். செல் விற்கும் கடைகளும் அங்கே உண்டு. பெயரைக் கேட்டதும் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. மீதிப் பாதியை ‘உண்மையான ஃபேன்’ என்ற சொல் கொண்டுவந்தது.

செல் வாங்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அம்மா, “ஏற்கெனவே கையில ஒண்ணு இருக்கே?” என்றார். அவருக்கு விளக்கிய மாதிரியே இங்கும் விளக்குகிறேன், ஏனென்றால் ஏமாற்று வேலை முழுக்க இதற்குள்தான் இருக்கிறது.

கணினி வருவதற்கு முன் அனிமே இப்படித்தான் தயாரானது. காகிதத்தில் பென்சிலால் அசைவை வரைவார்கள். அந்தக் கோடுகளைக் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் தாளின் முன்பக்கத்துக்கு மாற்றுவார்கள். பிறகு தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் வண்ணம் பூசுவார்கள். அந்தத் தாள்தான் செல். அதைப் பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து, ஒவ்வொன்றாகப் புகைப்படம் எடுப்பார்கள். இருபது நிமிட அத்தியாயம் ஒன்றுக்கே ஆயிரக்கணக்கில் செல் தேவைப்படும். படப்பிடிப்பு முடிந்ததும் ஸ்டுடியோக்களுக்கு அது குப்பை. நிறைய தூக்கி எறியப்பட்டன, கொஞ்சம் ரசிகர்கள் கைக்கு வந்தன. திரையில் நாம் பார்த்த அதே பொருள் கையில் இருக்கும் என்பதால்தான் இவ்வளவு மவுசு.

1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் தொழில் கிட்டத்தட்ட மொத்தமும் கணினிக்குப் போய்விட்டது. பிடிவாதமாகச் செல்லை விடாமல் இருந்த கடைசி தொலைக்காட்சித் தொடர் ‘சசாஎ-சான்’. அதுவும் 2013இல் விட்டுவிட்டது. அதற்குப் பிறகு வந்த தொடர்களில் பென்சில் ஓவியங்கள் காகிதத்தில் இருக்கலாம், இன்னமும் பல ஸ்டுடியோக்களில் அப்படி வரைகிறவர்கள் உண்டு. ஆனால் அவை ஸ்கேன் ஆகி, வண்ணம் கணினியில்தான் சேர்கிறது. ஆக 2019 தொடருக்கு வண்ணம் பூசிய செல் எங்கிருந்து வரும்? இதெல்லாம் இப்போது மளமளவென்று எழுதுகிறேன். பணம் அனுப்பிய அன்று இதில் ஒரு வரிகூடத் தெரியாது. சாமுராய் கதை, பழைய காலம், கையால் வரைந்தது என்று மனதுக்குள் எல்லாம் ஒன்றாகக் கலந்துகிடந்தது.

அவர் அனுப்பிய படங்கள் அருமையாக இருந்தன. ஹ்யக்கிமாரு ஒரு மரக்கையைக் கழற்றி வாயில் கவ்வியபடி, மறு கையில் வாள் மின்ன நிற்கிறான். கறுப்பு மரச்சட்டம். கீழே நீலக் கட்டம் போட்ட மேஜை விரிப்பு, ஓரத்தில் இஸ்திரிப்பெட்டி சுட்ட மாதிரி ஒரு பழுப்புக் கறை. இந்தக் கறையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கம் காட்டச் சொன்னேன். அந்த அளவுக்கு அறிவு இருந்தது. “ஃபிரேம் போட்டு சீல் பண்ணிட்டாங்க ப்ரோ, பிரிச்சா பெயின்ட் உரிஞ்சிடும்” என்றார். உரிவது உண்மைதான், பழைய செல்லில் வண்ணம் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு உரியும். பாதி உண்மையை வைத்துத்தான் பூராவும் ஓட்டினார். வீடியோ அழைப்புக்கு ஊரில் இல்லை என்றார். 25,000 என்று ஆரம்பித்து, நான் கேட்காமலே 18,500க்கு இறங்கினார். வேறொருவர் இன்று ராத்திரிக்குள் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார் என்றும் சேர்த்துக்கொண்டார். யூபிஐயில் அனுப்பிவிட்டேன், அதுவும் ஒரே தவணையில். பாதி இப்போது, பாதி பார்சல் வந்தபின் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

பார்சல் வந்தது. அதுவரைக்கும் மோசடிக்காரனிலேயே கொஞ்சம் நாணயமானவன் என்று சொல்லலாம், கல்லை வைத்து அனுப்பவில்லை. பிரித்ததும் வினிகர் வாடை குப்பென்று அடித்தது. எனக்கோ ஒரே சந்தோஷம். அசிடேட் தாளில் செய்த பழைய செல்கள் வருடக்கணக்கில் சிதைந்து அசிட்டிக் அமிலம் விடும், அதனால் வினிகர் நெடி வரும் என்று எங்கோ படித்திருந்தேன். நாலைந்து வருடத்துப் பொருளுக்கு அந்த நெடி எப்படி வரும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. பின்னால் சட்டத்தைப் பிரித்தபோது, அட்டையின் ஒரு மூலையில் பஞ்சில் தொட்டு ஒற்றியெடுத்த மாதிரி ஈரக் கறை. சமையலறை வினிகர். அந்த உழைப்பை நினைத்தால் இப்போதும் வியப்பாகத்தான் இருக்கிறது.

கூடவே ஒரு சான்றிதழ். ஆங்கிலத்தில் நாலு வரி, கீழே சிவப்பில் வட்டமாக ஒரு ஜப்பானிய முத்திரை. ஸ்டுடியோவின் முத்திரை என்று நினைத்துக்கொண்டேன். ஒரகடம் பக்கம் ஜப்பானியத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கும் தோழிக்குப் படம் எடுத்துப் பெருமையாக அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில்: “டேய், இது ‘சுமி’டா. முடிஞ்சதுன்னு அர்த்தம். பில்லு கட்டியாச்சு, ஃபைல் பார்த்தாச்சுன்னு ஆபீஸ்ல குத்துற முத்திரை. எங்க அக்கவுன்ட்ஸ் டேபிள்ல கிடக்கு.”

அன்று இரவுதான் சட்டத்தைப் பிரித்தேன். நடுங்கிக்கொண்டே பிரித்தேன், அசலாக இருந்து உரிந்துவிட்டால் என்ன செய்வது என்று. உரிய ஒன்றும் இல்லை. கல்லூரியில் பேராசிரியர்கள் விளக்கில் போட்டுக் காட்டுவார்களே, அந்த ஓஹெச்பி ஷீட். அதில் பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். விரலை நனைத்து ஓரத்தில் தேய்த்தேன், கறுப்பு வழிந்தது.

அசல் செல்லைத் திருப்பினால் பின்பக்கம் அசிங்கமாக இருக்கும். அதுதான் அதன் அழகு. வண்ணங்கள் திட்டுத்திட்டாக, கோட்டுக்கு வெளியே கொஞ்சம் வழிந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தடவினால் மேடுபள்ளமாக. கோடுகள் முன்பக்கம், வண்ணம் பின்பக்கம் என்பதால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியவே தெரியாது. என்னிடம் இருந்தது எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே வழவழப்பு. கைப்பேசிக் கேமராவை நெருக்கிப் பிடித்தால் முகம் முழுக்கப் பொடிப்பொடிப் புள்ளிகள். தாளைக் கேமராவுக்கு அடியில் அசையாமல் மாட்டுவதற்கு அசலில் மூன்று துளைகள் இருக்கும். நடுவில் வட்டம், இரு பக்கமும் நீளவாக்கில் சதுரம். இதில் சட்டத்தின் விளிம்புக்கு அடியில் இரண்டு வட்டத் துளைகள். நம் வீட்டு ஃபைலுக்குக் குத்துவோமே, அந்தப் பஞ்சிங் மெஷின். மூலையில் A7, B12 என்று எந்த அடுக்கு, எத்தனையாவது தாள் என எழுதியிருக்க வேண்டிய இடத்தில் ‘எபிசோடு 4’ என்று மார்க்கரில் கிறுக்கியிருந்தது. யாருக்காக அதை எழுதினார்கள்? வாங்குகிற என்னைப் போன்றவனுக்காகத்தான்.

மறுநாள் அவரிடம் கேட்டேன். 2019 தொடருக்குச் செல்லே கிடையாதாமே என்றேன். அடுத்த பதிலுக்கு ஒரு விருதே தரலாம். “அப்படியா ப்ரோ? அப்போ இது 1969 பழைய சீரிஸ் போல. என்கிட்ட கொடுத்தவங்க மாத்திச் சொல்லிட்டாங்க. பழசுன்னா இன்னும் ரேட் ஜாஸ்தி, உங்களுக்கு லாபம்தான்.”

1969இல் ஒரு தொடர் வந்தது உண்மை. தெசுகாவின் முஷி புரொடக்‌ஷன் எடுத்தது, 26 அத்தியாயம். ஆனால் அது கறுப்பு வெள்ளை. தொடருக்கு முன் மாதிரிக்காக எடுத்த ஒரு சிறு படம் மட்டும்தான் வண்ணத்தில் உண்டு. என் கையில் இருந்த ஹ்யக்கிமாருவோ பலவண்ணத்தில் பளபளத்தான். முகமும் தெசுகாவின் பழைய உருண்டை முகம் இல்லை, 2019இன் கூர்முகம். இதை எழுதி அனுப்பியதும் இரண்டு நீல டிக் விழுந்தது. அப்புறம் அவருடைய முகப்புப் படம் காணாமல் போனது. குழுவிலிருந்தும் கணக்கு மறைந்தது.

1930க்கு அழைத்தேன். இணைய வழிப் பண மோசடிக்கு மத்திய அரசின் எண் அது. எப்போது அனுப்பினீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. நான் அழைத்தபோது பதினொரு நாள் ஆகியிருந்தது. பார்சலுக்குக் காத்திருந்தது ஒரு வாரம், ரசித்தது இரண்டு நாள், வெட்கப்பட்டது மீதி நாள். அந்த வெட்கத்தில் போன நாள்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. புகார் எண் கொடுத்தார்கள். பணம் இன்னும் வரவில்லை. உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டையும் பரிவர்த்தனை எண்ணையும் உடனே எடுத்து வைத்திருந்ததால் புகாராவது ஒழுங்காகப் பதிவானது. அவர் செய்திகளை அழிக்க ஆரம்பித்தது நான் எடுத்து முடித்த பிறகுதான்.

நகல் செல் செய்வது குற்றம் என்று சொல்லவில்லை. ரசிகர்கள் ஆசையாகச் செய்து, நகல் என்று எழுதியே விற்கிறார்கள், சில நூறு ரூபாய்க்குச் சுவரில் மாட்ட அழகாகத்தான் இருக்கும். உண்மையில் என்னிடம் இருப்பதும் பார்க்க மோசமில்லை. வினிகர் வாடை போய்விட்டது. அம்மா அதைச் சாமி அறைப் பக்கம் மாட்டக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டார், கையைக் கவ்விக்கொண்டு நிற்கிற பையன் ராத்திரியில் பயமுறுத்துகிறானாம்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. நேற்று இன்னொரு குழுவில் புதுப் பெயரில் ஒரு கணக்கு. ‘மோனோனோகே’ தொடரின் அசல் செல், மருந்து விற்பவன் வாளை உயர்த்தி நிற்கும் காட்சி, 22,000 ரூபாய், பணத்தேவை, உண்மையான ஃபேனுக்கு மட்டும். அது ஜப்பானில் எடோ எனப்படும் பழைய காலத்துப் பேய்க்கதை, ஆனால் தொடர் வந்தது 2007இல். திரை முழுக்க வாஷி என்ற ஜப்பானியக் காகிதத்தின் இழை தெரிகிற அந்தத் தோற்றத்தைக் கணினியில்தான் கொண்டுவந்தார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்புச் சட்டம். அதற்குக் கீழே நீலக் கட்டம் போட்ட விரிப்பு, ஓரத்தில் அதே இஸ்திரிக் கறை.