தொட்டியில் உருண்டை டோப்பியரி: மூன்று ஆண்டு வளர்ப்பில் தெரியவருபவை

ஒற்றைத் தண்டு, அதன் தலையில் பச்சை உருண்டை. செடியைக் கத்தரித்து உருவம் கொடுக்கும் டோப்பியரியில் இதுதான் எளிது என்பார்கள். எளிதுதான், ஆனால் மெதுவானது. பார்க்கும்படியான உருவம் வர ஒன்றரை ஆண்டு பிடிக்கும். அவசரப்பட்டவை பெரும்பாலும் தலையில் அல்ல, தண்டில்தான் கெடுகின்றன.

டுராண்டா, சிற்றிலை ஃபைகஸ் இரண்டுமே இதற்கு ஏற்ற செடிகள். டுராண்டா வேகமாக வளரும். அந்த வேகமே பிறகு தொல்லை. வளரும் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கத்தரி போடாவிட்டால் தலை கலைந்துவிடும். பழம் வேறு நச்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் ஃபைகஸே மேல். அதை வெட்டும்போது வடியும் பால் தோலில் அரிக்கும், கையுறை வேண்டும். ரோஸ்மேரியும் ஆகும், ஆனால் இலையில்லாத பழைய கட்டைவரை வெட்டினால் அநேகமாகத் துளிர்க்காது, அந்தப் பள்ளம் நிரந்தரம். எதுவானாலும் புதராக அடர்ந்த கன்றைவிட, நேர்த்தண்டும் கிள்ளாத நுனியும் உள்ள ஒல்லிக் கன்றையே எடுக்க வேண்டும்.

தொட்டி 12 அங்குலம், மண் தொட்டி. கலவை: தோட்டமண் 2 பங்கு, மட்கிய உரம் 1, பருமணல் 1. தேங்காய்நார்த் தூளே அதிகமுள்ள கலவை முதல் ஆண்டு நன்றாகவே இருக்கும். தலை கனத்த பிறகு காற்றடித்தால் தொட்டியோடு சாயும்.

இனி தண்டு. பக்கக் கிளைகளை முளையிலேயே கிள்ள வேண்டும். தண்டில் ஒட்டிய இலைகளை மட்டும் தொடக்கூடாது. தண்டைப் பருக்க வைக்கும் உணவு அவற்றிலிருந்துதான் வருகிறது. ‘சுத்தமாகத் தெரியட்டும்’ என்று உருவிவிட்டால், தலை வந்ததும் தண்டு வில்லாக வளையும். ஊன்றுகோலோடு இரண்டே இடத்தில், எட்டு வடிவ முடிச்சில், தளர்வாகக் கட்டினால் போதும். தண்டு லேசாக ஆடினால்தான் உறுதிப்படும். அந்த முடிச்சை மாதம் ஒருமுறை அவிழ்த்து இடம் மாற்றாவிட்டால் பட்டையில் பதிந்து இறுக்கிவிடும். பிளாஸ்டிக் கயிறு இதில் மோசம், பழைய பருத்தித் துணிக் கீற்று நல்லது.

தண்டு 50 செ.மீ. தாண்டி, மேலே நாலைந்து கணு கிடைத்ததும் நுனியைக் கிள்ளலாம். 25 செ.மீ. விட்டமுள்ள இரண்டு வளையங்களைக் குறுக்காகப் பொருத்தினால் உருண்டைச் சட்டம். ஒரு வளையத்துக்கு 85 செ.மீ. கம்பி, முறுக்கிக் கட்டும் நீளமும் சேர்த்து. 3 மி.மீ. துத்தநாகப் பூச்சுக் கம்பியே வேண்டும். வெறும் இரும்பு சீக்கிரம் துருவேறும். இதன் பிறகு ஒவ்வொரு கிளையும் நாலைந்து இலை விட்டதும் இரண்டு இலைக்கு மேல் கிள்ளுவதுதான் முழு வேலையும். உருண்டையை உண்டாக்குவது இந்தக் கிள்ளல்தான். கம்பி வெறும் அளவுகோல்.

தொட்டியை வாரம் ஒரு கால்வட்டம் திருப்ப வேண்டும், இல்லையென்றால் வெயில் படாத பக்கம் மொட்டையாகும். உச்சி வெயிலில் வெட்டினால், அதுவரை நிழலில் இருந்த உள்ளிலைகள் கருகும். தழைச்சத்து உரம் மிஞ்சினால் கணு இடைவெளி நீண்டு, எத்தனை வெட்டினாலும் அடர்த்தி வராது.

இரண்டாம் ஆண்டில் உருண்டைக்குள் வெளிச்சம் போகாமல் காய்ந்த இலை சேரும். மாவுப்பூச்சியும் செஞ்சிலந்தியும் குடியேறுவது அங்கேதான். உள்ளே சில கிளைகளை அடியோடு எடுத்து, இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சினால் பெரும்பாலும் அடங்கும். தலை நிறைந்ததும் தண்டு இலைகளை நீக்கிவிடலாம்.

மூன்றாம் ஆண்டில் ஊற்றிய தண்ணீர் உறிஞ்சப்படாமல் ஓரமாக ஓடிப்போனால் வேர் சுருண்டுவிட்டது என்று பொருள். வெளி வேரில் ஏறக்குறைய கால்பங்கை வெட்டி, புதுக் கலவையில் அதே தொட்டியில் வைக்கலாம். அன்றே தலையையும் சற்றுக் குறைத்து, ஒரு வாரம் நிழலில் வைக்க வேண்டும். கம்பி வளையம் அதற்கு வெகு முன்பே, கிளைகள் அதை விழுங்கத் தொடங்கும் முன், துண்டு துண்டாக வெட்டி எடுக்கப்பட்டிருக்க வேண்டும். முழுதாக இழுத்தால் கிளையும் சேர்ந்தே வரும்.