லாக் டைம்ஸ்டாம்ப்பை பைப்ல மாத்துறது: பல வருஷம் யூஸ் பண்ணினதுல தேறினதும் தேறாததும்

லாக்ல (புரோகிராம் என்ன நடந்துச்சுன்னு எழுதி வைக்கிற ஃபைல்) நேரத்தை 1700000000-ன்னு வெறும் நம்பரா, அதாவது 1970 ஜனவரி 1-லேர்ந்து எண்ணின செகண்டா எழுதி வச்சிருப்பாங்க, அதை மனுஷன் படிக்கிற மாதிரி மாத்த என்னென்ன கமாண்ட் இருக்கோ முக்காவாசியை வேலையில வச்சு ஓட்டியாச்சு. என் கணக்குல நல்ல டூலுக்கு ஒரே டெஸ்ட்தான். பைப்ல முன்னாடி இருக்கிற கமாண்ட் அனுப்புற வரியை ஸ்டாண்டர்ட் இன்புட்ல வாங்கணும், நேரத்தை மட்டும் மாத்தணும், மிச்ச வரியில ஒரு ஸ்பேஸைக் கூட தொடக்கூடாது, நேரமே இல்லாத வரி வந்தா அப்படியே கீழ தள்ளிவிடணும். கேக்க சின்ன விஷயம், ஆனா பாதி டூல் இதுல ஃபெயில்.

எல்லாரும் முதல்ல போறது டேட் கமாண்டுக்கு. லினக்ஸ்ல மைனஸ் டி (-d) போட்டு @1700000000 குடுத்தா 2023 நவம்பர் 15 விடிகாலை 3:43:20-ன்னு இந்திய நேரத்துல சொல்லிடும், மேக்ல மைனஸ் ஆர், @ தேவையில்ல. ஒத்தை நம்பர் பாக்க இது போதும். ஆனா சிலர் இதையே வைல் லூப்ல போட்டு ஃபைல் முழுக்க ஓட்டுவாங்க, ஒவ்வொரு வரிக்கும் புதுசா ஒரு பிராசஸ் கிளம்பி சாகும், பெரிய ஃபைல்னா டீ குடிச்சுட்டு வந்தாலும் முடிஞ்சிருக்காது. லூப்தான் வேணும்னு அடம் பிடிக்கிறவங்களுக்கு பாஷ் 4.2-லேர்ந்து பிரின்ட்எஃப்லயே நேரத்தை ஃபார்மட் பண்ற வசதி உள்ளயே இருக்கு, வெளிய எந்த பிராசஸும் கிளம்பாது. டேட்டுக்கு மைனஸ் எஃப்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, ஃபைல் பேருக்கு பதிலா ஹைஃபன் குடுத்தா ஸ்டாண்டர்ட் இன்புட்டைப் படிக்கும், வேகமும் நல்லாவே இருக்கும், ஆனா தேதியை மட்டும்தான் திருப்பித் தரும், பக்கத்துல இருந்த எரர் மெசேஜ் போச்சு. அப்புறம் பேஸ்ட் கமாண்ட் வச்சு ஒட்டிக்கிட்டு உக்காரணும். வேணாங்க.

ஆக் (awk, வரியை துண்டு துண்டா பிரிச்சு மாத்துற டூல்) பரவால்ல. எஸ்டிஆர்எஃப்டைம்னு ஒரு ஃபங்ஷன், வரியோட முதல் ஃபீல்டை குடுத்தா தேதி வந்துடும். ரெண்டு இடத்துல உதைக்கும். முதல் ஃபீல்டுக்கு புது மதிப்பு அசைன் பண்ணினதுமே ஆக் அந்த வரியை மறுபடி கோர்க்கும், நடுவுல இருந்த டேப், நாலு ஸ்பேஸ் எல்லாம் ஒத்தை ஸ்பேஸா சுருங்கிடும், ஸ்குவிட் ப்ராக்ஸியோட ஆக்சஸ் லாக் மாதிரி ஸ்பேஸ் நிரப்பி நேர் நேரா எழுதின ஃபைலோட அழகே போயிடும். அதனால அசைன் பண்ணாம சப் ஃபங்ஷனால மாத்துறதுதான் சரி. இன்னொண்ணு, ஆக்ல பல வகை இருக்கு, உபுண்டுல ஆக்குன்னு வர்றது ஜிஆக் இல்ல, எம்ஆக். அதோட பழைய 1.3.3 வெர்ஷன் இருக்கிற மெஷின்ல போய் ஓட்டினா அப்படி ஒரு ஃபங்ஷனே கிடையாதுன்னு கையை விரிச்சிடும்.

நான் கடைசியில செட்டில் ஆனது பெர்ல்லதான். மைனஸ் பிஇ போட்டு, வரி ஆரம்பத்துல பத்து டிஜிட் இருந்தா அதை லோக்கல்டைம்ல போட்டு மாத்துன்னு ஒத்தை வரி, கடைசியில ஈ ஃப்ளாக் (மாத்து வார்த்தையை கோடா ஓட்டச் சொல்றது). மேட்ச் ஆகாத வரியை தொடாது, ஜாவா ஸ்டாக் டிரேஸ் எல்லாம் அப்படியே வரும். பத்து டிஜிட்னு கறாரா சொல்றதுக்கு காரணம் இருக்கு: செகண்ட்னா 10 டிஜிட், மில்லிசெகண்ட்னா 13, லினக்ஸோட லாக் சர்வீஸ் ஜேர்னல்டி எக்ஸ்போர்ட்ல வர்ற மைக்ரோசெகண்ட் 16. பதிமூணு டிஜிட்டை செகண்டுன்னு நினைச்சு குடுத்தா வருஷம் 55,000-ஐத் தாண்டிப் போய் நிக்கும், அதையும் டேட்டோ பெர்லோ எரர்னு சொல்லாது, சமத்தா பிரின்ட் பண்ணும். (பதிமூணு டிஜிட் ஃபைல்னா பேட்டர்ன்ல பத்துக்குப் பின்னாடி இன்னும் மூணு டிஜிட்டையும் சேத்துக்கணும், இல்லேன்னா தேதிக்கு பின்னாடி மூணு நம்பர் ஒட்டிக்கிட்டு நிக்கும்.)

இதெல்லாத்துக்கும் முன்னாடியே இதை ஒழுங்கா யோசிச்சு செஞ்சவர் டி. ஜே. பெர்ன்ஸ்டீன். சர்வீஸ்களை ஓட்டிப் பாத்துக்கிற அவரோட டேமன்டூல்ஸ்ல டாய்64என்லோக்கல்னு ஒரு குட்டி புரோகிராம், 2001-ல வந்த 0.76 வெர்ஷன்தான் இன்னைக்கும். அதே டேமன்டூல்ஸ்ல வர்ற மல்டிலாக் நேரம் போட்டு எழுதுற லாக்ல ஒவ்வொரு வரியும் @ போட்டு 24 ஹெக்ஸ் எழுத்துல ஆரம்பிக்கும், முதல் 16 செகண்டு, மிச்சம் 8 நானோசெகண்டு. பாத்தா கண்ணு கட்டும். ஆனா நீளம் எப்பவும் ஒண்ணுதான்ங்கிறதால எழுத்து வரிசையில சார்ட் பண்ணினாலே நேர வரிசை வந்துடும், நாலு சர்வீஸ் லாக்கை சார்ட் மைனஸ் எம்ல மெர்ஜ் பண்ணி, அதுக்கப்புறம் டாய்64என்லோக்கல்ல பைப் பண்ணினா எது முன்னாடி விழுந்துச்சு எது பின்னாடி விழுந்துச்சுன்னு தெளிவா தெரியும். @ இல்லாத வரியை தொடாது. ஃபைல்ல மெஷினுக்கு ஏத்த மாதிரி வச்சுக்கோ, பாக்கும்போது மட்டும் மாத்திக்கோங்கிற இந்த ஐடியா எனக்கு ரொம்பப் பிடிச்சது, மத்த ஃபார்மட்டுக்கும் இப்போ அப்படித்தான் பண்றேன். ஒரு விஷயம், அந்த ஹெக்ஸ் செகண்டை கையால கழிச்சு 1970 கணக்குக்கு மாத்திப் பாக்குறவங்க 2-இன் 62-ஆம் அடுக்கை மட்டும் கழிச்சா 10 செகண்ட் தள்ளி வரும், டேமன்டூல்ஸ் அந்த பத்தை கூட்டித்தான் எழுதுது.

டைம்சோன் கதை தனி. சர்வர் யூடிசில (உலகப் பொது நேரம்) ஓடும், நாம 5:30 முன்னாடி. அந்த அரை மணி இருக்கிறதால நிமிஷ டிஜிட்டும் ஒத்துப்போகாது, அவசரத்துல கண்ணால தேடவே முடியாது. டிஇசட் வேரியபிளை கமாண்டுக்கு முன்னாடி செட் பண்ணினா பைப்ல அந்த ஒரு கமாண்டுக்கு மட்டும் சோன் மாறும், அருமையான வசதி, ஆனா பைப்ல யார் நேரத்தை மாத்துறாங்களோ அவங்க முன்னாடி போடணும், ஃபைலை வெறுமனே அனுப்புற கேட் (cat) கமாண்டுக்கு முன்னாடி போட்டு பிரயோஜனம் இல்ல. அதுல ஏசியா/கொல்கத்தான்னு முழுசா எழுதுங்க. வெறும் ஐஎஸ்டின்னு போட்டா லினக்ஸ் அதை ஆஃப்செட் இல்லாத பேருன்னு எடுத்துக்கிட்டு யூடிசி நேரத்தையே காட்டி பக்கத்துல ஐஎஸ்டின்னு லேபிளும் ஒட்டிடும். நள்ளிரவு இன்சிடென்ட்ல இதை விட மோசமான பொய் வேணுமா?

டெயில் மைனஸ் எஃப்ல லைவா பாக்குறவங்களுக்கு பஃபரிங் (வரியை உடனே அனுப்பாம சேத்து வச்சு அனுப்புறது) தலைவலி. ஸ்க்ரீனுக்கு நேரா எழுதும்போது வரி வரியா வரும், பின்னாடி ஒரு கிரெப்பை சேத்ததும் சட்டுன்னு நின்னுடும், லாக்கே வரலையோன்னு தோணும். பெர்ல்ல டாலர் பைப் ($|) வேரியபிளை 1 ஆக்கினா சரி, ஆக்ல எஃப்ஃப்ளஷ், எம்ஆக்குக்கு டபிள்யூ இன்ட்ராக்டிவ் ஆப்ஷன்.

கெர்னல் மெசேஜைக் காட்டுற டிமெசேஜ் (dmesg) கமாண்ட் மைனஸ் பெரிய டி (-T) போட்டா தேதி காட்டும், ஆனா லேப்டாப்பை சஸ்பெண்ட் பண்ணி எழுப்பினா அந்த நேரத்தை நம்பாதீங்க, மேன் பேஜ்லயே எச்சரிக்கை இருக்கு. சிஸ்டம் லாக் எழுதுற பழைய சிஸ்லாக் ஃபார்மட்ல வருஷமே கிடையாது, 2009-ல வந்த ஆர்எஃப்சி 5424 ஸ்டாண்டர்ட் அதை சரி பண்ணியாச்சு, இருந்தும் இன்னும் பல மெஷின்ல பழைய மாதிரிதான் எழுதுறாங்க. டிசம்பர் கடைசி லாக்கை ஜனவரில எடுத்து மாத்தினா டேட் அதை நடப்பு வருஷத்து டிசம்பர்னு எடுத்துக்கும், பதினொரு மாசம் கழிச்சு நடக்கப்போற எரர் ஸ்க்ரீன்ல வந்து நிக்கும். இதுக்கு பைப்ல வைக்கிற மாதிரி வைத்தியம் எங்கிட்ட இல்ல, சிஸ்லாக் கான்ஃபிக்ல போய் ஃபார்மட்டை மாத்தச் சொல்லிடுறேன்.